சுறா படம் பார்த்தால் பயத்துக்குப் பதிலாக சிரிப்பு வருவது ஏன்? குறைந்த பட்ஜெட் திகில் படங்கள் சறுக்கும் 5 இடங்கள்

கடற்கரையில் கூத்தடிக்கும் நாலைந்து இளைஞர்கள். ‘கடலுக்குள்ள போகாதீங்க’ என்று எச்சரிக்கும் ஒரு விஞ்ஞானி. அதைக் காதிலேயே வாங்காத ரிசார்ட் முதலாளி. படம் தொடங்கி பத்தே நிமிடத்தில், பழைய வீடியோ கேமில் இருந்து தப்பி வந்த மாதிரி ஒரு சுறா தண்ணீரில் இருந்து எகிறி ஒருவரை விழுங்கும். பார்ப்பவர்கள் அலற வேண்டிய இடம் அது. ஆனா, சிரிப்புதான் வரும்.

ஓடிடியிலும் யூடியூபிலும் இப்படிப்பட்ட சுறா படங்கள் குவிந்து கிடக்கின்றன. ‘பட்ஜெட் கம்மி, பாவம் என்ன பண்ணுவாங்க’ என்று பலரும் கடந்து போய்விடுகிறார்கள். ஆனால், கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

2003-ல் எடுக்கப்பட்ட ‘ஓப்பன் வாட்டர்’ படத்தின் செலவு சுமார் 1.3 லட்சம் டாலர் மட்டுமே. உலகம் முழுக்க அது வசூலித்தது சுமார் 5.5 கோடி டாலர். பார்த்தவர்கள் கடலில் கால் வைக்கவே யோசித்தார்கள். மறுபக்கம், 1987-ல் வெளியான ‘ஜாஸ்: தி ரிவெஞ்ச்’ படத்துக்கு சுமார் 2.3 கோடி டாலர் செலவானது. மோசமான தொடர் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

ஆக, பணம் மட்டும் காரணம் இல்லை. அப்படியென்றால் இந்தப் படங்கள் எங்கேதான் சொதப்புகின்றன?

எல்லாவற்றுக்கும் தாய்ப்படம் ‘ஜாஸ்’

சுறா படங்களின் கதை 1975 ஜூன் 20-ல் அமெரிக்காவில் வெளியான ‘ஜாஸ்’ படத்தில் இருந்து தொடங்குகிறது. பீட்டர் பெஞ்ச்லியின் நாவலை வைத்து ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படம் இது. அப்போது அவருக்கு வயது 30கூட ஆகவில்லை.

ஸ்டுடியோ தொட்டியில் எடுக்காமல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவை ஒட்டிய உண்மையான கடலிலேயே எடுத்தார்கள். இதற்காக மூன்று இயந்திரச் சுறாக்கள் செய்யப்பட்டன. ஸ்பீல்பெர்க்கின் வழக்கறிஞர் பெயரையே வைத்து, சுறாவுக்கு ‘புரூஸ்’ என்று செல்லப்பெயரும் சூட்டினார்கள்.

கடலில் இறக்கியதும்தான் பிரச்சினை ஆரம்பித்தது. உப்புத் தண்ணீர் பட்டு இயந்திரங்கள் அடிக்கடி படுத்துவிட்டன. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாட்கள் இழுத்தது. சுமார் 40 லட்சம் டாலர் என்று போட்ட பட்ஜெட், 90 லட்சம் டாலர் வரை எகிறியது.

சுறா வேலை செய்யாததால், சுறா இல்லாமலே பயமுறுத்தும் வழியை ஸ்பீல்பெர்க் தேட வேண்டியதாயிற்று. படத்தின் முதல் சாவுக் காட்சியில் சுறாவே கிடையாது. நீந்தப் போகும் பெண்ணின் உடலில் கயிறு கட்டி, படக்குழுவினர் அங்கும் இங்கும் இழுத்தார்கள். பிற்பாதியில் சுறாவின் உடலில் ஈட்டியால் மாட்டப்பட்ட மஞ்சள் பீப்பாய்கள் வரும். பீப்பாய் நகர்ந்தால் சுறா வருகிறது என்று அர்த்தம். முதல் ஒரு மணி நேரத்துக்கு சுறாவின் முழு உருவத்தைப் பார்க்கவே முடியாது.

மீதி வேலையை ஜான் வில்லியம்ஸின் இசையும் வெர்னா ஃபீல்ட்ஸின் படத்தொகுப்பும் பார்த்துக்கொண்டன. இசை, படத்தொகுப்பு, ஒலி என மூன்று ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. சுறாவைக் காட்டாத நேரத்தில் படத்தைத் தாங்கிப் பிடித்ததும் இதே மூன்றுதான்.

சுறா மேல் தயாரிப்பாளர்களுக்கு ஏன் இவ்வளவு பாசம்?

காரணம் ரொம்ப சிம்பிள். சுறாவுக்குக் காப்புரிமை கிடையாது, சம்பளமும் கிடையாது. ஒரு கடற்கரை, ஒரு படகு, புதுமுகங்கள் சிலர், தண்ணீருக்கு மேலே தெரியும் ஒரு முதுகுத் துடுப்பு. போஸ்டரைப் பார்த்ததுமே கதை என்ன என்று புரிந்துவிடும்.

‘ஜாஸ்’ ஹிட்டானதுமே நகல்கள் வர ஆரம்பித்துவிட்டன. 1981-ல் இத்தாலிய இயக்குநர் என்ஸோ காஸ்டெல்லாரி எடுத்த சுறா படம், ‘கிரேட் ஒயிட்’ என்ற பெயரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ‘எங்கள் படத்தை அப்படியே காப்பி அடித்திருக்கிறார்கள்’ என்று யுனிவர்சல் நிறுவனம் நீதிமன்றம் போக, படம் தியேட்டர்களில் இருந்து தூக்கப்பட்டது. 1995-ல் வந்த ‘க்ரூயல் ஜாஸ்’ அதையும் தாண்டியது. ‘ஜாஸ்’ உள்ளிட்ட பழைய படங்களின் சுறா காட்சிகளையே வெட்டி எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

கிராபிக்ஸ் மலிவானதும் இந்த வியாபாரம் வேற லெவலுக்குப் போனது. இதில் முக்கியமான பெயர், அமெரிக்காவின் ‘தி அசைலம்’ நிறுவனம். பெரிய ஸ்டுடியோவின் ‘ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வரும்போது ‘ட்ரான்ஸ்மார்ஃபர்ஸ்’ என்று ஒரு படம் விட்டவர்கள் இவர்கள்தான்.

2009-ல் இந்த நிறுவனத்தின் ‘மெகா ஷார்க் வெர்சஸ் ஜெயன்ட் ஆக்டோபஸ்’ ட்ரெய்லர் இணையத்தில் தீயாய்ப் பரவியது. அதில் ஒரு சுறா கடலில் இருந்து எகிறி, வானில் பறக்கும் பயணிகள் விமானத்தைக் கவ்வும்!

பிறகு தலைகளின் எண்ணிக்கை ஏறியது. 2012-ல் இரண்டு தலை சுறா, 2015-ல் மூன்று தலை, 2017-ல் ஐந்து தலை, 2018-ல் ஆறு தலை என்று வரிசையாக வந்தன. நடுவில் நாலைக் காணோம். மற்ற தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. மணலில் நீந்தும் சுறா, பனிமலையில் வரும் சுறா, தண்ணீர் இருக்கும் எந்த இடத்திலும் தோன்றும் பேய்ச் சுறா என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டார்கள்.

சரி, இனி குறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குறை 1: சுறாவை அவசரப்பட்டுக் காட்டுவது

பயம் என்பது தெரியாத ஒன்றின் மேல் வருவது. இருட்டு அறையில் ஏதோ சத்தம் கேட்டால் பயம் வரும். விளக்கைப் போட்டு அது பூனை என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். மலிவான சுறா படங்கள் முதல் காட்சியிலேயே விளக்கைப் போட்டுவிடுகின்றன.

இதற்கு ஒரு வியாபாரக் காரணமும் உண்டு. இந்தப் படங்கள் தியேட்டரை விட டிவிக்கும் ஓடிடிக்கும்தான் அதிகம் எடுக்கப்படுகின்றன. பார்ப்பவர் எந்த நொடியிலும் சேனலை மாற்றலாம், படத்தை மூடிவிடலாம். அதனால் முதல் பத்து நிமிடத்துக்குள் சுறாவைக் காட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வருகிறது. கையில் இருக்கும் பலவீனமான பொருளே அந்த கிராபிக்ஸ் சுறாதான். அதையே முதலில் எடுத்து வைத்தால், மீதி ஒன்றரை மணி நேரத்துக்குக் காட்ட எதுவும் மிச்சம் இருக்காது.

குறை 2: தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்

கிராபிக்ஸ் கலைஞர்களுக்கு சுறாவை உருவாக்குவதை விட, அது தண்ணீரோடு உறவாடுவதை உருவாக்குவதுதான் பெரிய தலைவலி. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள உயிரினம் மேலே வந்தால் தண்ணீர் விலக வேண்டும், நுரைக்க வேண்டும், மேலே விழுந்து வழிய வேண்டும். ஒவ்வொரு துளியையும் கணினி கணக்குப் போட வேண்டும். அதற்கு நேரமும் பணமும் தேவை. இரண்டும் இல்லாதபோது, சுறா கடலின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி தெரிகிறது. எகிறும்போது எடையே இல்லாமல் காற்றில் மிதக்கிறது.

தண்ணீருக்கு அடியில் இன்னொரு சிக்கல். ஆழம் போகப் போக சிவப்பு நிறம்தான் முதலில் மங்கும். எல்லாம் நீலமும் பச்சையுமாக மாறும். தண்ணீரில் எப்போதும் தூசும் நுண்ணுயிர்களும் மிதக்கும். தூரத்தில் உள்ளது கலங்கலாகத்தான் தெரியும். மலிவுப் படங்களிலோ நடுக்கடலின் அடியிலும் நீச்சல் குளம் மாதிரி பளிச்சென்று தெரியும். கண்ணுக்கு உடனே ‘இது செட்’ என்று புரிந்துவிடும்.

இதை மலிவாகவே சமாளிக்க முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ‘47 மீட்டர்ஸ் டவுன்’ படத்தின் பெரும்பகுதி தண்ணீர்த் தொட்டியில்தான் எடுக்கப்பட்டது. கடல் நீரில் மிதக்கும் துகள்கள் போலத் தெரிவதற்காக, ப்ரோக்கோலியைப் பொடிப்பொடியாக நறுக்கித் தொட்டியில் கலந்தார்கள். கறிகாய்ச் செலவில் கடல் ரெடி.

குறை 3: ஷாட்டுக்கு ஷாட் மாறும் சுறா, மாறும் வானம்

சொந்தமாகச் சுறாவைப் படம்பிடிக்க முடியாதவர்கள், ஆவணப்படங்களின் காட்சிகளை விலைக்கு வாங்கிச் சேர்ப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால், ஒரு ஷாட்டில் பெரிய வெள்ளைச் சுறா, அடுத்த ஷாட்டில் உடம்பில் வரிகள் உள்ள புலிச் சுறா, கடைசியில் கடிக்கும்போது ரப்பர் பொம்மை. கதைப்படி மூன்றும் ஒரே சுறா!

வானமும் இப்படித்தான் காலை வாரும். கடலில் வெளிச்சமும் அலையும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். காட்சிகள் ஒட்ட வேண்டுமானால் அதே வானிலைக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் படத்தை முடிக்க வேண்டியவர்களால் எப்படிக் காத்திருக்க முடியும்? 2013-ல் வந்த ‘ஷார்க்நேடோ’ 18 நாளில் எடுக்கப்பட்டது. புயலும் வெள்ளமும் நகரத்தையே புரட்டிப் போடும் கதை. ஆனால் பல ஷாட்களில் பின்னால் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

குறை 4: மனிதர்கள் வெறும் தீனி

இந்தப் படங்களில் வரும் பலரின் பெயர்கூட மனதில் நிற்காது. அடுத்து யார் சாவார் என்று வரிசை போட்டுச் சொல்லிவிடலாம். யாரென்றே தெரியாதவர் செத்தால் பார்ப்பவருக்கு என்ன வலிக்கப் போகிறது?

‘ஜாஸ்’ படத்தில் பலருக்கும் மறக்காத காட்சி ஒன்றில் சுறாவும் இல்லை, ரத்தமும் இல்லை. இரவில் படகுக்குள் மூன்று ஆண்கள் உட்கார்ந்து, உடம்பில் உள்ள தழும்புகளைக் காட்டிக் கதை பேசுகிறார்கள். அதில் ஒருவர், போரின்போது கப்பல் மூழ்கி, சுறாக்களுக்கு நடுவே கடலில் கிடந்ததைச் சொல்கிறார். அந்தக் காட்சிக்குத் தேவைப்பட்டது ஒரு மேசை, நல்ல வசனம், நல்ல நடிகர்கள். எவ்வளவு சின்ன பட்ஜெட்டிலும் எடுக்கக்கூடிய காட்சி இது. ஆனால் மலிவுப் படங்கள் முதலில் கை வைப்பதே எழுத்தில்தான்.

குறை 5: லாஜிக்கும் கிடையாது, அறிவியலும் கிடையாது

‘ஜாஸ்: தி ரிவெஞ்ச்’ படத்தில் சுறா சிங்கம் மாதிரி கர்ஜிக்கும். உண்மையில் சுறாவுக்கு நுரையீரலும் கிடையாது, குரல்நாணும் கிடையாது. அந்தப் படத்தில் சுறா ஒரே குடும்பத்தை ஊர்விட்டு ஊர் துரத்திப் பழிவாங்கும். எந்தச் சுறாவும் அட்ரஸ் தேடிப் போகாது.

பல படங்களில் வரும் மெகலடான் சுறா உண்மையில் வாழ்ந்ததுதான். ஆனால் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. 2013-ல் டிஸ்கவரி சேனல் அது இன்னும் உயிரோடு இருப்பது போல ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதில் விஞ்ஞானிகளாக வந்தவர்கள் நடிகர்கள். உண்மை என்று நம்பிப் பார்த்தவர்களிடம் இருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது.

அறிவியலைச் சரியாகப் பிடித்தால், அதுவே பயத்தைக் கூட்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 47 மீட்டரில் இருக்கும் ஒருவருக்கு மேலே இருப்பதைவிட ஐந்து மடங்குக்கு மேல் அழுத்தம். அதனால் சிலிண்டரில் உள்ள காற்றும் ஐந்து மடங்குக்கு மேல் வேகமாகத் தீரும். மேலே இரண்டு மணி நேரம் வரும் காற்று, அங்கே இருபது நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம். அவசரப்பட்டு மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உருவாகி உயிருக்கே ஆபத்தாகும். சுறா ஒரு முறைகூடக் கடிக்காமலே நெஞ்சு படபடக்கும் கதை இதில் இருக்கிறது.

வேணும்னே மோசமாக எடுப்பதும் ஒரு டெக்னிக்

இத்தனை குறைகள் இருந்தும் ‘ஷார்க்நேடோ’ எப்படி ஓடியது? சூறாவளி கடலில் இருந்து சுறாக்களை உறிஞ்சி எடுத்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேல் கொட்டும் கதை அது. க்ளைமாக்ஸில் ஹீரோ மர அறுவை இயந்திரத்தோடு சுறாவின் வாய்க்குள் பாய்ந்து, வயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே வருவார்.

2013 ஜூலையில் சைஃபை சேனலில் ஒளிபரப்பானபோது, ட்விட்டரில் அன்று இரவு முழுக்க அதே பேச்சுதான். முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் சுமார் 13.7 லட்சம் பேர். மறு ஒளிபரப்புகளில் அந்த எண்ணிக்கை குறையாமல் கூடியது. 2018 வரை மொத்தம் ஆறு படங்கள் வந்தன.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ‘ஷார்க்நேடோ’ யாரையும் ஏமாற்றவில்லை. ‘இது கலாட்டா, சேர்ந்து சிரிக்கலாம் வாங்க’ என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் அது ஓடியதைப் பார்த்து வந்த பல படங்கள், மோசமாக எடுத்தாலே ஜாலியாகிவிடும் என்று நினைத்துவிட்டன. பெயரையும் போஸ்டரையும் தாண்டி உள்ளே ஒன்றும் இருக்காது. சிரிக்கவும் முடியாது, பயப்படவும் முடியாது, கொட்டாவிதான் வரும்.

கம்மி காசில் கலக்கிய படங்கள்

முதலில் சொன்ன ‘ஓப்பன் வாட்டர்’ படத்துக்கே வரலாம். 1998-ல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் டைவிங் போன ஓர் அமெரிக்கத் தம்பதியை, ஆட்களைச் சரியாக எண்ணாததால் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரைக்குத் திரும்பிவிட்டது. அவர்கள் திரும்பி வரவே இல்லை. இந்தச் சம்பவத்தின் பாதிப்பில் உருவான படம் இது.

இயக்குநர் கிறிஸ் கென்டிஸும் அவரது மனைவி லாரா லாவும் சாதாரண டிஜிட்டல் கேமராவில், வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் எடுத்தார்கள். கிராபிக்ஸ் சுறா கிடையாது. நடிகர்கள் இருவரும் உடைக்குள் இரும்பு வலைக் கவசம் போட்டுக்கொண்டு, உண்மையான சுறாக்களுக்கு நடுவே மிதந்தார்கள். படத்தில் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. தாகம், குளிர், கணவன் மனைவி சண்டை, நடுவில் காலில் ஏதோ உரசும். அந்த உரசல்தான் படம்.

2010-ல் ஆஸ்திரேலிய இயக்குநர் ஆண்ட்ரூ ட்ராக்கி எடுத்த ‘தி ரீஃப்’ படமும் இதே வழியில் போனது. 1983-ல் படகு கவிழ்ந்து மூவரில் ஒருவர் மட்டும் உயிர் தப்பிய சம்பவத்தின் தாக்கத்தில் உருவானது. உண்மையான வெள்ளைச் சுறாக்களைப் படம்பிடித்து, நடிகர்கள் இருக்கும் காட்சிகளோடு இணைத்தார்கள்.

‘47 மீட்டர்ஸ் டவுன்’ கதை இன்னும் சுவாரஸ்யம். 2016-ல் நேரடியாக டிவிடியில் வர இருந்த படம் அது. கடைசி நேரத்தில் வேறு நிறுவனம் வாங்கி, 2017-ல் தியேட்டருக்குக் கொண்டுவந்தது. 50 லட்சம் டாலருக்குச் சற்றே அதிகமான செலவில் எடுக்கப்பட்டு, 6 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

மூன்று படங்களுக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. தங்களால் என்ன முடியாது என்று தெரிந்து, அதைச் சுற்றியே கதையை அமைத்திருக்கிறார்கள்.

சிரிச்சிட்டு விட்டுடலாமா?

படம் மோசமாக இருந்தால் போவது ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் இந்தப் படங்கள் சேர்ந்து விட்டுச்செல்லும் ஒரு பிம்பம் அப்படிப் போய்விடுவதில்லை.

தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 109 சுறா படங்களை ஆராய்ந்து 2021-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் 96 சதவீதப் படங்கள் சுறாவை மனிதனுக்கு ஆபத்தானதாகவே வெளிப்படையாகக் காட்டின. மறைமுகமாகக்கூட அப்படிக் காட்டாத ஒரே படம் ‘ஃபைண்டிங் டோரி’ என்ற அனிமேஷன் படம்.

நிஜ நிலவரம் என்ன? 500-க்கும் மேற்பட்ட சுறா வகைகளில் மனிதர்களைக் கடித்த சம்பவங்களில் பெரும்பாலும் அடிபடும் பெயர்கள் பெரிய வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா மட்டுமே. அமெரிக்காவின் புளோரிடா அருங்காட்சியகம் பராமரிக்கும் சர்வதேசப் பதிவேட்டின்படி, மனிதர்கள் சீண்டாமல் சுறா கடித்த சம்பவங்கள் 2023-ல் உலகம் முழுக்க 69. 2024-ல் அது 47.

மறுபக்கம், மனிதர்கள் மீன்பிடிப்பில் ஆண்டுக்குக் கொல்லும் சுறாக்கள் சுமார் 8 கோடி என்று 2024-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கை மீன்களின் எண்ணிக்கை 1970-ல் இருந்து 71 சதவீதம் குறைந்திருப்பதாக 2021-ல் மற்றொரு ஆய்வு சொன்னது.

இந்தப் பழி முழுவதையும் சினிமா மேல் போட முடியாது. சுறாக்கள் அழிவதற்கு முக்கியக் காரணம் மீன்பிடித் தொழிலும் துடுப்பு வியாபாரமும்தான். ஆனால், அழிந்துவரும் ஓர் உயிரினத்துக்காகக் குரல் கொடுக்க மக்களின் அனுதாபம் தேவை. புலிக்கும் யானைக்கும் அது கிடைக்கிறது. ஐம்பது வருடமாகத் திரையில் கொலைகாரனாகவே வந்த சுறாவுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

‘ஜாஸ்’ நாவலை எழுதிய பெஞ்ச்லியே பிற்காலத்தில் இதற்காக வருந்தினார். 2006-ல் இறக்கும் வரை கடல் பாதுகாப்புக்காகப் பேசினார், எழுதினார். ஸ்பீல்பெர்க்கும் 2022-ல் பிபிசி வானொலிப் பேட்டியில் தன் வருத்தத்தை வெளிப்படையாகச் சொன்னார்.

இப்போது ஒரு சின்ன மாற்றமும் தெரிகிறது. 2025-ல் வெளியான ஆஸ்திரேலியப் படமான ‘டேஞ்சரஸ் அனிமல்ஸ்’ கதையில் சுறாக்கள் வில்லன் இல்லை. ஆட்களைக் கடத்தி, சுறாக்களுக்கு இரையாகப் போடும் மனிதன்தான் வில்லன்.

எதில் இருந்து பார்க்கத் தொடங்கலாம்?

* உண்மையிலேயே பயப்பட வேண்டுமா? ‘ஓப்பன் வாட்டர்’, ‘தி ரீஃப்’.
* பரபரப்பு போதுமா? ‘47 மீட்டர்ஸ் டவுன்’. கொஞ்சம் பெரிய பட்ஜெட்டில் என்றால் 2016-ல் வந்த ‘தி ஷாலோஸ்’.
* நண்பர்களோடு உட்கார்ந்து கலாய்க்கவா? ‘ஷார்க்நேடோ’ முதல் பாகம், ‘மெகா ஷார்க் வெர்சஸ் ஜெயன்ட் ஆக்டோபஸ்’.
* இதுவரை ஒரு சுறா படமும் பார்த்ததில்லையா? யோசிக்காமல் ‘ஜாஸ்’.

அடுத்த முறை ஓடிடியில் ஒரு புதிய சுறா படம் கண்ணில் பட்டால், முதல் பத்து நிமிடத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். அதற்குள் சுறாவின் முழு உடம்பும் தெரிந்துவிட்டதா? இதுவரை பேசியவர்களில் ஒருவரின் பெயராவது ஞாபகம் இருக்கிறதா? மீதிப் படத்தைப் பார்க்கலாமா வேண்டாமா என்பதை இந்த இரண்டு கேள்விகளே பெரும்பாலும் சொல்லிவிடும்.